குதிகால் வெடிப்பா, விரலிடுக்குப் புண்ணா: மலைக்குளிரில் தோலும் நகமும் கெட்டால் எங்கே ஆரம்பிப்பது

கார்த்திகை பிறந்துவிட்டால் நீலகிரி மலையில் எங்கள் கேத்திப் பக்கம் வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். குதிகால் வெடித்துவிட்டது, விரல் நுனி பிளந்துவிட்டது, கால்விரல் வீங்கி அரிக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம், எண்ணெய் தடவு என்பார்கள். சிலருக்குச் சரியாகும், சிலருக்கு முன்பைவிட மோசமாகும். இது ஏன் என்று நான் யோசிக்க ஆரம்பித்தது அம்மாவின் காலைப் பார்த்துத்தான். அம்மா முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், மழைக்காலம் முழுக்கக் கால் கம்பூட்ஸ் என்கிற ரப்பர் பூட்ஸுக்குள்தான் இருக்கும். ஒரு ஆடி மாதம் விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருந்த காலுக்கு நான்தான் தினமும் ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன், பத்தே நாளில் அவரால் செருப்புப் போட முடியவில்லை. அந்தக் காலுக்குத் தேவைப்பட்டது காற்று, நான் கொடுத்தது எண்ணெய்.

அதனால் எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்: ஈரத்தால் வந்ததா, வறட்சியால் வந்ததா? விரலால் தொட்டாலே பாதி தெரிந்துவிடும். தோல் வெளுத்து, ரொம்ப நேரம் துணி துவைத்த கை மாதிரி ஊறி, தேய்த்தால் வழுக்கிக்கொண்டு உரிந்தால் அது ஈரக் கோளாறு. சொரசொரவென்று இழுத்துப் பிடித்து, நகத்தால் லேசாகக் கீறினால் சாம்பல் பூசியதுபோல வெள்ளைக் கோடு விழுந்தால் வறட்சி. முதலாவதைக் காயவைக்க வேண்டும், இரண்டாவதற்குத்தான் எண்ணெய். இரண்டிலும் சேராமல் வட்டமாகப் படர்கிறது, ராத்திரி மட்டும் அரிக்கிறது, நகத்தின் நிறமே மாறுகிறது என்றால் அது வேறு கதை, கீழே வருகிறேன்.

மலையில் சிக்கல் என்னவென்றால் ஒரே ஆளுக்கு இரண்டுமே வரும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், மார்கழி தை மாதங்களில் விடியும்போது புல்லெல்லாம் உறைபனி. குளிர்ந்த காற்றில் ஈரம் கொஞ்சம்தான் நிற்கும், அதே காற்று வீட்டுக்குள் அடுப்புச் சூட்டில் சூடானால் உங்கள் தோலில் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்ச ஆரம்பிக்கும். போதாததற்கு நாம் குளிக்கிற தண்ணீர். பாய்லரில் கொதிக்கக் கொதிக்க எடுத்து, ஆவி பறக்க ஊற்றிக்கொண்டால்தான் குளித்த மாதிரி இருக்கிறது நமக்கு. எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரத்தைச் சுடுதண்ணீரில் கழுவினால் எப்படிப் பளிச்சென்று ஆகிறதோ, அதேதான் தோலிலும் நடக்கிறது, தோலைக் காக்க அதுவே சுரந்து வைத்திருக்கும் எண்ணெய் போய்விடுகிறது.

குதிகால் வெடிப்பு

பித்தவெடிப்பு என்று பேர் இருப்பதால் பித்தம் ஏறியதுதான் காரணம் என்று நிறையப் பேர் எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். நிஜத்தில் நடப்பது இதுதான். நிற்கும்போது குதிகாலின் கொழுப்பு பக்கவாட்டில் பிதுங்கும். ஓரத்துத் தோல் தடித்துக் காய்ந்து கிடந்தால் அந்த அழுத்தத்துக்கு வளையாமல் பிளக்கும். பின்பக்கம் திறந்த செருப்புப் போட்டு நாள் முழுக்க நிற்பவர்களுக்கு அதிகம் வருவது இதனால்தான்.

சரி, செய்ய வேண்டியது. வெதுவெதுப்பான தண்ணீரில் 10, 15 நிமிடம் காலை வையுங்கள், முழங்கையை விட்டுப் பார்த்தால் சுடக் கூடாது, அந்தச் சூடு போதும். ஊறிய பிறகு பியூமிஸ் என்கிற நுரைக்கல்லாலோ குளியலறையில் கிடக்கும் சொரசொரப்புக் கல்லாலோ ஒரே பக்கமாக மெதுவாகத் தேயுங்கள், ஒரே நாளில் மொத்தத்தையும் எடுக்கப் பார்க்காதீர்கள். பிளேடு வேண்டவே வேண்டாம். நான் ஒரு தடவை சவரப் பிளேடால் ஓரத்தைச் சீவி, கொஞ்சம் ஆழமாகப் போய், மூன்றாம் நாள் கணுக்கால் வரை சிவந்து காய்ச்சல் வந்து ஊசி போட்டுக்கொண்டேன். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் கல் தேய்ப்பதுகூட வேண்டாம், காலில் உணர்ச்சி மங்கியிருந்தால் எவ்வளவு தேய்க்கிறோம் என்றே தெரியாது.

பிறகு துடைத்து, காலில் லேசாக ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் மேல்பூச்சு. மருந்துக் கடையில் யூரியா கலந்த கிரீம் கேளுங்கள். 10 முதல் 25 சதவீதம் வரை உள்ளது குதிகாலுக்கு நன்றாகவே வேலை செய்யும், தடித்த தோலை இளக்கிவிட்டு ஈரத்தையும் பிடித்து வைக்கும், ஆனால் ரத்தம் கசிகிற பிளவில் பட்டால் எரியும். பெட்ரோலியம் ஜெல்லியும் போதும், விலையும் குறைவு. மேலே பருத்தி சாக்ஸ் போட்டுப் படுங்கள். சாக்ஸ் இல்லாமல் தடவினால் அது காலுக்குப் போவதைவிடப் போர்வைக்குப் போவதுதான் அதிகம்.

வீட்டிலேயே களிம்பு செய்வதாக இருந்தால் நான் செய்கிற விதம் இது. இந்த மலையில் தேன் எடுக்கிறவர்கள் இருப்பதால் கோத்தகிரி, குன்னூர் கடைகளில் தேன்மெழுகு கிடைக்கும். சமவெளியில் தேங்காய் எண்ணெயோடு சேர்ப்பார்கள், ஆனால் அது 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைந்துவிடும், நம் வீட்டில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. அதில் மெழுகையும் சேர்த்தால் கல்லாகிவிடும். அதனால் நல்லெண்ணெய் நாலு பங்கு, துருவிய தேன்மெழுகு ஒரு பங்கு. நேராக அடுப்பில் வைக்காமல் கொதிக்கிற தண்ணீருக்குள் சின்னக் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள். மெழுகு 62, 64 டிகிரியில் இளகிவிடும், முதலில் ஓரங்கள் கண்ணாடி மாதிரித் தெளியும், நடுவில் ஒரு வெள்ளைத் தீவு மிதக்கும், அதுவும் கரைந்ததும் இறக்கிவிடுங்கள். ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டு விரலால் அழுத்திப் பாருங்கள், வெண்ணெய் மாதிரி இழுபட்டால் சரி, உடைந்தால் இன்னும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். நன்றாக ஆறின பிறகுதான் காலில் பூச வேண்டும். சூட்டோடு மெழுகை வெடிப்புக்குள் ஊற்றிக்கொள்கிற பழக்கம் இங்கே இருக்கிறது, வெந்துபோன காலை நானே பார்த்திருக்கிறேன்.

இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தும் மாற்றமில்லை என்றால் வறட்சி மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். ஒரு காலில் மட்டும் உள்ளங்கால் முழுக்க மாவு தூவியதுபோல உரிந்தால் பூஞ்சையாக இருக்கலாம். தைராய்டு, சர்க்கரை, சொரியாசிஸ் இருந்தாலும் குதிகால் இப்படி வெடிக்கும்.

கைவிரல் நுனிப் பிளவு, கொழுந்துக் கறை

கொழுந்து பறிக்கிறவர்களுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்து, அந்தக் கறுப்பு வெடிப்புக்குள்ளேயும் இறங்கியிருக்கும். இலையின் துவர்ப்புச் சத்து காற்றுப் பட்டுக் கறுக்கிறது, கொழுந்து தேயிலையாக நிறம் மாறுவதும் இதே வேலைதான். கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் கழித்து சோப்பு போட்டால் மேலோட்டமானது போகும், மீதி தோல் தானாக உதிரும்போதுதான் போகும். பிளவுக்கு, வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, கை கழுவும்போதெல்லாம் ஒரு தடவை ஜெல்லி. பிளந்த இடத்தில் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி விளிம்புகளைச் சேர்த்து வைத்தால் வலி உடனே குறையும்.

நகச்சுத்தி

நகத்தின் ஓரம் சிவந்து வீங்கி விண்விண் என்று தெறிக்கிறது. கேரட் கழுவுகிற, பாத்திரம் துலக்குகிற கைகளுக்கு வருகிற நோய் இது. நகத்தையும் தோலையும் ஒட்டி வைத்திருக்கிற மெல்லிய ஓரத்தோல் ஊறி விட்டுப்போகும், அந்த இடுக்கு வழியாகக் கிருமி நுழையும். ஓரத்தோலைப் பல்லால் கடித்து இழுக்கிறவர்களுக்கும் அப்படியே.

உடனே எல்லோரும் சொல்வது எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலைச் செருகு என்பது. என் பாட்டியும் செய்தார், நானும் ராத்திரி முழுக்க அந்த மஞ்சள் தொப்பியோடு தூங்கியிருக்கிறேன். கொஞ்சம் குளுகுளுவென்று இருப்பதால் வலி குறைந்த மாதிரி இருக்கும். ஆனால் ஈரத்தால் வந்த கோளாறை மேலும் எட்டு மணி நேரம் புளித்த ஈரத்தில் வைக்கிறோம், அதோடு எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் மறுநாள் வெயில் பட்டால் கொப்புளமும் கறுப்பும் வரலாம். அதற்குப் பதிலாக வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் 15 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை, முடித்ததும் நன்றாக ஒற்றித் துடைத்துக் காயவிடுங்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் இரண்டு மூன்று நாளில் வற்றிவிடும். மஞ்சளாகச் சீழ் கோத்துவிட்டால் ஊக்கால் குத்தாமல் டாக்டரிடம் போங்கள், அவர் ஒரு சின்னக் கீறல் போட்டு வடித்தால் அன்றைக்கே தூக்கம் வரும். சிவப்புக் கோடு கையில் மேல்நோக்கி ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ அடுத்த பஸ்ஸிலேயே கிளம்ப வேண்டும்.

ஒன்றரை மாதமாக வலி பெரிதாக இல்லாமல் நகத்தடி உப்பிக்கொண்டே இருந்தால், ஈர வேலையை நிறுத்தாமல் எந்த மருந்தும் கேட்காது. நிறுத்த முடியாதவர்கள் ரப்பர் கையுறைக்குள் மெல்லிய பருத்திக் கையுறை போடுங்கள். வெறும் ரப்பர் போட்டால் உள்ளே வியர்த்து அதே ஈரம்தான். நகம் அடுக்கடுக்காக ஓரத்தில் உரிவதும் இப்படித்தான், நனைவதும் காய்வதுமாக நாளைக்கு இருபது தடவை நடந்தால் அடுக்கு விட்டுப்போகும்.

கால் விரலிடுக்கு வெந்துபோவது, உள்ளங்காலில் சின்னக் குழிகள்

சேற்றுப்புண். அம்மாவுக்கு வந்ததும் இதுதான். சுண்டுவிரல் பக்கத்து இடுக்கில் ஆரம்பிக்கும், ஏனென்றால் அங்கேதான் விரல்கள் நெருக்கம். எண்ணெய் கூடாது, மஞ்சள் குழைத்து அப்புவதும் வேண்டாம், அப்பினால் அது இடுக்கிலேயே ஈரமாகக் கிடக்கும். கழுவிய பிறகு ஒவ்வொரு இடுக்கிலும் துணியை விட்டுத் துடைத்து, க்ளோட்ரிமசோல் 1 சதவீத கிரீமை மெல்லிசாக ஒரு நாளைக்கு இரண்டு தடவை தடவுங்கள். அரிப்பு நாலே நாளில் நின்றுவிடும், அங்கேதான் எல்லோரும் நிறுத்திவிட்டு அடுத்த மழைக்கு மறுபடி ஆரம்பிக்கிறார்கள். தெளிந்த பிறகும் இரண்டு வாரம் தடவ வேண்டும்.

உள்ளங்காலில் ஊசியால் குத்தியதுபோலக் குட்டிக் குட்டிக் குழிகளும் தாங்க முடியாத நாற்றமும் இருந்தால் அது பூஞ்சையும் இல்லை, கம்பூட்ஸ் வியர்வையில் வளர்கிற பாக்டீரியா. அதற்குத் தடவும் மருந்து வேறு, டாக்டரிடம் காட்டி வாங்குங்கள். இரண்டுக்குமே பொதுவாக ஒன்று செய்யலாம். சாப்பாட்டு நேரத்தில் பூட்ஸைக் கழற்றி சாக்ஸை மாற்றுங்கள். ராத்திரி பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்துத் தலைகீழாகச் சாய்த்து வையுங்கள், காலையில் அந்தக் காகிதம் நமத்துப்போய் வருவதைப் பார்த்தால் கால் எதில் கிடந்தது என்று புரியும்.

கால்விரல் சிவந்து ஊதா பூத்து அரிப்பது

வெளியே குளிரில் நின்றுவிட்டு வந்து அடுப்புப் பக்கம் காலை நீட்டினால் சில மணி நேரத்தில் விரல்கள் வீங்கி அரித்து எரியும். இதைப் பூச்சிக்கடி என்றும் அலர்ஜி என்றும் சொல்லி மாத்திரை வாங்குகிறார்கள். குளிரில் சுருங்கிய நுண்ணிய ரத்தக் குழாய்கள் திடீரென்று சூடு பட்டதும் சரியாக விரியத் தெரியாமல் பக்கத்துத் தசைக்குள் கசிகிறது, அவ்வளவுதான். மேலும் குளிர் படாமல் பார்த்துக்கொண்டால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் தானாகப் போகும். சொறியாதீர்கள், புண்ணாகும். வெந்நீர்ப் பையோ நெருப்போ காட்டாமல் உலர்ந்த கம்பளி சாக்ஸுக்குள் மெதுவாகச் சூடேற விடுங்கள். ஈர சாக்ஸ் குளிரைவிட மோசம். விரல் முதலில் காகிதம் மாதிரி வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்தால் அல்லது கோடைக்காலம் வந்தும் போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கூடவே ஒன்று: கரி அடுப்பு, ஹீட்டர் பக்கம் தினமும் உட்காரும் வயதானவர்களின் முழங்காலுக்குக் கீழே மீன் வலை விரித்ததுபோலப் பழுப்புக் கோடுகள் தெரியும். அது சூட்டின் அடையாளம். ஆரம்பத்தில் தள்ளி உட்கார்ந்தாலே மங்கிவிடும், வருஷக்கணக்கில் விட்டால் தங்கிவிடும்.

நகத்தின் நிறமும் வடிவமும்

வெள்ளைப் புள்ளி கால்சியம் குறைவு என்று மாத்திரை வாங்க வேண்டாம், எப்போதோ நகத்தடியில் பட்ட சின்ன அடிதான் அது. நீளவாக்கில் கோடுகள் வயதானால் வரும். குறுக்கே எல்லா நகத்திலும் ஒரே அளவில் பள்ளம் விழுந்திருந்தால், கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும் என்பதை வைத்துக் கணக்குப் போடுங்கள், இரண்டு மூன்று மாதம் முன்னால் பெரிய காய்ச்சலில் படுத்தது நினைவுக்கு வரும்.

கல்லில் இடித்த மாதிரிக் கறுப்பு இருந்தால் நகத்தின் அடிப்பக்கம், கறுப்பு ஆரம்பிக்கிற இடத்துக்கு நேரே நகத்தில் அரம் வைத்து லேசாக ஒரு கீறல் போட்டு வையுங்கள். கட்டின ரத்தமாக இருந்தால் கீறலும் கறுப்பும் சேர்ந்தே மேலே நகரும், அடியில் தெளிந்த நகம் வரும். கால் நகம் மெதுவாக வளர்வது, முழுசாக மாற ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆகும், பொறுமை வேண்டும். கறுப்பு நகராமல் அடியிலிருந்து புதிது புதிதாக வந்தால், ஒரே ஒரு நகத்தில் பட்டையாகி அகன்றால், பக்கத்துத் தோலிலும் இறங்கினால், தள்ளிப்போடாமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மஞ்சளாகத் தடித்துப் பொடிப்பொடியாக உதிர்வது பெரும்பாலும் பூஞ்சை. கிரீம் நகத்துக்குள் இறங்காது. பூண்டை நசுக்கிக் கட்டினால் பூஞ்சை போகாமல் தோல்தான் வேகும். ஈரல் பரிசோதனை பார்த்து டாக்டர் தரும் மாத்திரை கைநகத்துக்கு 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம் என்று போகும்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது அடுத்தது. நகம் வெளிறி, தட்டையாகி, நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கிற அளவு ஸ்பூன் மாதிரிக் குழிந்திருந்தால் இரும்புச் சத்தைச் சந்தேகப்படுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள், பெண்களுக்கு 12க்குக் கீழே, கர்ப்பிணிகளுக்கு 11க்குக் கீழே என்றால் ரத்தசோகை. இங்கே சாப்பாட்டுத் தட்டோடு டீயும் வந்துவிடும். கீரையிலும் ராகியிலும் இருக்கிற இரும்பை அந்த டீயின் துவர்ப்பு பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. டீயை விடச் சொல்லவில்லை, இந்த மலையில் அது நடக்கவும் நடக்காது. சாப்பாட்டுக்கும் இரும்பு மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ குடிக்காதீர்கள், சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சேருங்கள்.

வட்டமாகப் படர்வது, ராத்திரி அரிப்பது, உணர்ச்சி இல்லாத தேமல்

ஓரம் தடித்து நடுவில் தெளிந்த வட்டம் என்றால் படர்தாமரை. கடையில் கேட்டால் கொடுக்கிற மூன்று மருந்து கலந்த கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும், டியூபின் பின்பக்கம் பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல் என்ற பேர்களைத் தேடுங்கள். தடவியதும் அரிப்பு மாயமாக மறையும், அடியில் பூஞ்சை நிம்மதியாக வளரும், தோலும் மெலிந்துபோகும்.

ராத்திரி போர்வைக்குள் போனதும் அரிப்பு, விரல் நடுவிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் பொரிப்பொரியாக, வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கிறது என்றால் சிரங்கு. பெர்மெத்ரின் 5 சதவீத கிரீமைக் கழுத்திலிருந்து கால் வரை வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில் தடவிக் காலையில் குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடி. கைக்குழந்தைக்கு டாக்டரைக் கேட்டுத்தான். கம்பளியைத் துவைக்க முடியாவிட்டால் மூட்டை கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள்.

வெளிறிய அல்லது செம்பு நிறத் தேமல் இருந்தால், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, அதன் மேல் பஞ்சு நுனியால் இன்னொருவரைத் தொடச் சொல்லுங்கள். தொடுவது தெரியவில்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். பயப்படவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம், 6 அல்லது 12 மாதத்தில் குணமாகும், சீக்கிரம் போனால் கைகால் பாதிக்காது.

முகம் கறுப்பது

குளிர்கிறதே, வெயில் எங்கே சுடுகிறது என்று கேட்பார்கள். கறுக்க வைப்பது சூடு அல்ல, புற ஊதாக் கதிர். அது ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 10 சதவீதம் கூடும், மேட்டுப்பாளையத்தில் குடை பிடிக்கிறவர் ஊட்டியில் பிடிக்காமல் இருப்பது தலைகீழ். அகலமான தொப்பி, முடிந்தால் எஸ்.பி.எஃப். 30 என்று போட்ட வெயில் காப்பு கிரீம், மேகம் மூடிய நாளிலும்.

தைலம் தடவி எரிந்தால்

கற்பூர மரத் தைலமும் (யூகலிப்டஸ்) விண்டர்கிரீன் தைலமும் இந்த மலையின் சொத்து, நெஞ்சுச் சளிக்கும் மூட்டு வலிக்கும் எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் வெடிப்பிலும் புண்ணிலும் வீங்கிய விரலிலும் தடவுகிற பொருள் இல்லை. தடவிவிட்டீர்களா, தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் சமையல் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடையுங்கள், பிறகு சோப்பு. விண்டர்கிரீன் தைலம் கிட்டத்தட்ட மொத்தமும் ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த பொருள், ஒரு டீஸ்பூனில் இருபதுக்கு மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமமான அளவு இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தொடவே வேண்டாம். வாசனை மிட்டாய் மாதிரி இருப்பதால் குழந்தை எடுத்துக் குடித்துவிடும், ஒரு மடக்கே உயிருக்கு ஆபத்து. அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.